கணினிக் காப்புக் கல்வி தமிழகத்துக்கு வந்த வழி

கணினிப் பாதுகாப்பு பல்கலைக்கழகப் பாடமாக நிலைபெற்று இன்னும் நாற்பது ஆண்டுகள் நிறையவில்லை என்றாலும், அத்துறை ஆராயும் கேள்விகள் எழுத்து தோன்றிய காலந்தொட்டு மனிதரைத் தொடர்ந்து வந்தவையே. செய்தியை உரியவரன்றிப் பிறர் அறியாமல் காப்பது, எழுதி வைத்ததில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்றாமல் காப்பது, தேவைப்படும் வேளையில் அது உரியவர் கைக்குக் கிடைக்கச் செய்வது என்னும் மூன்றையும் இத்துறையினர் தம் கடமைகளாகக் கொள்வர். இவற்றை மறைவு, திரிபின்மை, கிடைப்பு என்று தமிழில் சுருக்கிச் சொல்லலாம். பொதுவாகப் பேசப்படுவது மறைவே எனினும், கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணையை ஒட்டி அமைந்த வடக்கனந்தல் போன்ற ஊர்களின் வரலாற்றை நோக்கும்போது இரண்டாவதான திரிபின்மையே முதன்மை பெறுகிறது. கல்வராயன் மலை நீண்ட காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களாக, அதாவது அரசுக்குப் பதிலாக நிலத்தின் வருவாயைத் தண்டும் உரிமை பெற்ற குடும்பங்களின் ஆளுகைப் பகுதிகளாக இருந்து, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின் 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை ஜாகிர்தாரின் சொல்லைச் சார்ந்திருந்த நில உரிமை, அதன் பிறகு அளவை, பதிவேடு, பட்டா என்னும் காகிதங்களைச் சார்ந்தது. இன்று அக்காகிதங்களும் கணினித் தரவுதளத்தில் ஏறிவிட்டதால், அடிவாரத்து உழவர் ஒருவரின் புல எண்ணும் பெயரும் தொலைவில் உள்ள ஏதோ ஒரு சேவையகத்தின் திரிபின்மையையே நம்பி நிற்கின்றன. அத்தகைய பதிவுகளைக் காக்கும் கலை தமிழகத்தில் எங்கே, எப்போது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பது ஆகவே நகரத்துப் பொறியாளர்களின் அக்கறை மட்டும் அன்று.

தமிழ் மரபுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்றொரு வழக்கைக் கூறுகிறது. ஒரு தொழிலைச் சேர்ந்தோர் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவ்வகை மறைவின் வலுவின்மையும் அவ்வுரைகளிலேயே வெளிப்படுகிறது. ஏனெனில் அச்சொல் இலக்கண உரையில் ஏறி மாணாக்கர் மனப்பாடம் செய்யத் தொடங்கிய அன்றே அது மறைவாக இல்லாமற் போயிற்று. மறைக்கும் முறையையே மறைவாக வைத்தால் அம்முறை வெளிப்பட்ட நாளில் அனைத்தும் வெளிப்பட்டுவிடும் என்பதை டச்சு நாட்டவரான அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-இல் படைத்துறைக்கான ஒரு கட்டுரையில் விதியாகவே எழுதினார்: முறை பகைவருக்குத் தெரிந்திருந்தாலும் திறவுகோல் ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் செய்தி காக்கப்பட வேண்டும். இன்று உலகெங்கும் இப்பாடத்தின் முதல் வகுப்பில் சொல்லப்படுவது இவ்விதியே.

மற்றொரு சான்று உத்தரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்த வகையை விரிவாகச் சொல்கின்றன. சபையார் முன்னிலையில் வெறுங்குடத்தை அனைவரும் காணும்படி உயர்த்திக் காட்டுவதும், விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பதும், அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்தி வாங்கிப் படிப்பதும் அதில் விதிகளாக உள்ளன. குடத்தில் முன்னரே ஓலை இடப்படவில்லை, எடுப்பவனுக்குச் சார்பு இல்லை, வாங்குபவர் கையில் மாற்று ஓலை இல்லை என்னும் மூன்றையும் அவ்விதிகள் உறுதி செய்கின்றன. குழூஉக்குறி மறைத்துக் காத்தது என்றால், குடவோலை அனைத்தையும் திறந்து காட்டிக் காத்தது. பின்னதே இன்றைய பாதுகாப்பு அறிவியலுக்கு நெருங்கிய உறவு.

இந்தியப் பல்கலைக்கழகக் கல்விக்குள் கணினி நுழைந்தது 1963-இல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 பொறி நிறுவப்பட்டபோது எனலாம். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. 1973-இல் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணினியைப் பெற்றது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு மறுநாள் விடையை வாங்கிச் சென்ற அக்காலத்தில், கணினிப் பாதுகாப்பு என்பது குளிரூட்டிய அறையின் பூட்டும் வாயிற்காவலரும்தாம். அதைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் தேவை எழாததில் வியப்பில்லை. ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் காலப்பகிர்வு முறை வந்த இடத்தில்தான் அத்தேவை முதன்முதலில் உணரப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் உருவான அத்தகைய அமைப்பில் ஒவ்வொருவர் கோப்பையும் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. 1962-இல் அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்பதால், கடவுச்சொற் கோப்பை அச்சிடுமாறு கணினிக்கே அட்டையில் கட்டளை எழுதிக் கொடுத்து அனைவருடைய கடவுச்சொற்களையும் பெற்றுக்கொண்டதைப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். கடவுச்சொல் பிறந்ததும் களவு போனதும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வளாகத்தில் என்பதை இத்துறையைக் கற்க வருவோர் நினைவில் கொள்ள வேண்டும். அதே கழகத்தைச் சேர்ந்த சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொருவருக்கும் அவர் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் உரிமை தரலாகாது என்பது முதலான நெறிகளை வகுத்துத் தந்தது. பாடத்திட்டங்கள் எத்தனை முறை மாறினும் அந்நெறிகள் மாறவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கருத்து மறையியலின், அதாவது செய்தியை மறைத்தெழுதும் கணிதத்தின், போக்கையே மாற்றியது. அதுவரை பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல் வேண்டியிருந்ததால், அதை முன்கூட்டியே நம்பகமான ஆள்வழி அனுப்ப வேண்டியிருந்தது. பூட்டும் திறவுகோலை ஊரறியக் கொடுத்துவிட்டுத் திறக்கும் திறவுகோலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்பது புதிய கருத்து. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் அதற்கு வழி கண்டனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனிலிருந்து அவ்விரண்டையும் மீட்பது மிகக் கடினம் என்பதே அதன் அடிப்படை. அரசர்க்கும் படைக்கும் உரியதாக இருந்த ஒரு கலை இவ்வாறு கணிதத் துறையின் கரும்பலகைக்கு வந்தது. ஆயினும் அது தனிப் பட்டமாக மலர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய, தானே பரவும் நிரல் ஒன்று, அன்றைய இணையத்தில் இருந்த கணினிகளில் பத்தில் ஒரு பங்கை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அம்மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசரகால உதவிக்குழு அமைந்தது. 1992-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் உருவான ஆய்வுக்கூடம் 1998-இல் பெரிய மையமாக வளர்ந்தது.

இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் வலையமைப்பு 1986-இல் தொடங்கியபோது சென்னை ஐ.ஐ.டி. அதில் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. பூட்டிய அறைக்குள் இருந்த கணினி தெருவுக்கு வந்துவிட்டது. அதற்கேற்ற கல்வி இங்கே வேர்விட்ட காலத்தை 1998 முதல் 2005 வரையிலான சில ஆண்டுகள் என்று வரையறுக்கலாம். அதன் தொடக்கம் பொறியியலில் அல்ல, கணிதத்தில் என்பது சிறப்பாகக் குறிக்கத் தக்கது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எண் கோட்பாட்டாளர் ஆர். பாலசுப்பிரமணியன், அமெரிக்கக் கணிதவியலாளர் நீல் கோப்ளிட்ஸுடன் இணைந்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலிப்டிக் வளைவுகள் என்னும் கணித அமைப்பைக் கொண்டு செய்யப்படும் பூட்டுகளை உடைக்க முன்னரே ஒரு தாக்குதல் முறை அறியப்பட்டிருந்தது. தற்செயலாகத் தேர்ந்த வளைவு ஒன்று அத்தாக்குதலுக்கு இரையாகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதை அக்கட்டுரை மெய்ப்பித்தது. இன்று கைப்பேசிகள் பரிமாறும் செய்திகளில் பெரும்பகுதி அவ்வளைவுகளின் காப்பிலேயே செல்வதால், தரமணியில் நிகழ்ந்த இப்பணி இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

மறையியலுக்கான இந்திய மாநாடான இண்டோகிரிப்ட் 2000-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அதன் இரண்டாம் கூட்டம் 2001 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடைபெற்றது. அங்கே கோட்பாட்டுக் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த சி. பாண்டுரங்கன் அதன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். மறையியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற மாணவர் வரிசை ஒன்று அவர் வழியே உருவாயிற்று. மாநாடு 2004-இலும் 2011-இலும் மீண்டும் சென்னைக்கு வந்தது. இடையே 2002 ஆகஸ்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டே இளநிலைப் பட்டம் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயத்துக்கு இடமின்றி, ஏற்கத்தக்க கால அளவுக்குள் கண்டறியும் வழியை உலகுக்கு அளித்தனர். இதனால் பகா எண் பூட்டு உடைந்துவிட்டது என்று அப்போது சிலர் அஞ்சியது தவறு. பகா எண்ணை இனம் காண்பது வேறு, பெருக்கற்பலனைக் காரணிகளாகப் பிரிப்பது வேறு. ஆயினும் இளநிலை மாணவரும் இத்துறையின் அடித்தளத்தைத் தொட முடியும் என்பதை அந்நிகழ்வு இந்திய வகுப்பறைகளுக்குக் காட்டிற்று.

அரசின் பங்கும் அதே ஆண்டுகளில் அமைந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பரிமாற்றங்களின் பாதுகாப்புக்கான ஆய்வு அமைப்பாகச் செட்ஸ் 2002-இல் சென்னையில் நிறுவப்பட்டது. அதன் கருத்து, ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்த அப்துல் கலாமுடையது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் தேசிய அமைப்பான சர்ட்-இன் 2004 ஜனவரியில் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும் என்பதை உணர்ந்த ஒன்றிய அரசு 2005-இல் தகவல் பாதுகாப்புக் கல்வி மற்றும் விழிப்புணர்வுத் திட்டத்தை வகுத்து, சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களைப் பிற கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மூல மையங்களாகக் கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கோயம்புத்தூர் எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தில், டைஃபாக் என்னும் ஒன்றிய அரசு அமைப்பின் துணையோடு இணையப் பாதுகாப்பு மையம் அமைந்து முதுநிலைத் தொழில்நுட்பப் பட்டம் வழங்கத் தொடங்கியது. மேலிருந்து கீழ்நோக்கி, அதாவது ஆய்வுப் பட்டத்திலிருந்து முதுநிலைக்கும் முதுநிலையிலிருந்து இளநிலைக்கும் இப்பாடம் இறங்கி வந்தது என்பது இவ்வரலாற்றின் முதன்மையான கூறு. இதன் விளைவுகள் இன்றுவரை தொடர்கின்றன.

பாடத்தின் மற்றொரு கிளை நீதிமன்றத்திலிருந்து முளைத்தது. 2004 நவம்பர் 5 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி அவரை இழிவுபடுத்தும் செய்திகளை இணையக் குழுமத்தில் பரப்பிய வழக்கில் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனைகளுள் ஒன்றாக இது சட்ட நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்பதற்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கோரிய சான்றிதழும் அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டது. கைப்பற்றிய வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று காட்ட, அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு குறுகிய எண்கோவையாகச் சுருக்கிப் பதிந்து வைப்பர். பின்னர் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அக்கோவை முற்றிலும் வேறாகிவிடும். உத்தரமேரூர்க் குடத்தை அனைவருக்கும் உயர்த்திக் காட்டியதன் கணித வடிவம் இது எனலாம். இவ்வகைத் தடயவியலைச் சென்னைப் பல்கலைக்கழகம் தகவல் பாதுகாப்புடன் இணைத்து முதுநிலைப் பாடமாக்கியது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கற்பித்த கே. ஜெய்சங்கர், இணையவெளிக் குற்றவியலைத் தனித் துறையாக நிறுவ முனைந்து, 2007-இல் அதற்கெனப் பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். ஐ.ஐ.டி.க்கு வெளியே, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் துறையிலிருந்து இம்முயற்சி எழுந்தது என்பதால் இதன் மதிப்பு மிகுகிறது.

பெரும்பாலான தமிழ் மாணவர்களை இப்பாடம் அடைந்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் வழியாகத்தான். அதன் 2013, 2017 ஒழுங்குமுறைகளில் மறையியலும் வலையமைப்புப் பாதுகாப்பும் என்னும் தாள் கணினிப் பொறியியலின் ஏழாம் பருவத்தில், அதாவது இறுதியாண்டில் வைக்கப்பட்டது. மாணவர் மூன்றாண்டுகள் நிரல் எழுதிப் பழகிய பின், எழுதியதில் எங்கெங்கே ஓட்டை இருக்கலாம் என்பதைக் கடைசியாகக் கற்ற அவ்வரிசை பிழையானது. வீடு கட்டி முடித்த பின் கடைக்கால் பற்றிய பாடம் நடத்துவதை அது ஒத்தது. அண்மை ஆண்டுகளில் இணையப் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட தனிப் பொறியியல் பட்டங்கள் தோன்றியிருப்பினும், ஏனைய கணினி மாணவர்க்கு முதலாண்டிலேயே இது ஊட்டப்பட வேண்டும் என்னும் தேவை குறையவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் உள் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. பிரித்துக் காக்கும் நெறி தமிழக மண்ணில் பயன் தந்த இடம் அது.

வடக்கனந்தல் அமைந்த கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு இவ்வரலாறு வந்து சேர்ந்த வழி வேறானது. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரமும், 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாயின. உயர்கல்வியை எட்டத் தொலைவில் கண்ட இப்பகுதியில் அரசு மடிக்கணினித் திட்டமே 2011 முதல் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் சில ஆண்டுகளில் தேநீர்க் கடை வரை பரவியது. கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் உழவருக்கும் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, அதன் செய்தி கைப்பேசியில் வருகிறது. அக்கணக்கைக் காக்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, ஓ.டி.பி. என்று எல்லோரும் அறிந்த அந்த ஆறு இலக்கத்தை, வங்கி மேலாளர் என்று சொல்லித் தொலைபேசியில் கேட்பவரிடம் கொடுக்கலாகாது என்பதே இன்று ஊரகத்துக்கு மிகவும் தேவையான பாதுகாப்புப் பாடம். பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பது அடுத்தது. இவ்விரண்டையும் சொல்வதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை, ஊரார் நம்பும், ஊர்மொழியில் பேசும், படித்த ஒருவர் வேண்டும்.

அத்தகையவரை உருவாக்கும் விதை பள்ளியில் ஊன்றப்பட்டுவிட்டது. 2018-இல் வெளிவந்த தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் குறித்துத் தனி இயலே உள்ளது. மறையாக்கம், இருவகைத் திறவுகோல்கள், மின்னணுக் கையொப்பம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகிய அனைத்தும் அதில் தமிழிலேயே விளக்கப்பட்டுள்ளன. இலண்டனில் 1992-இல் முதுநிலை மாணவர்க்குத் தொடங்கிய பாடம் கால் நூற்றாண்டு கழித்து மலையடிவார அரசுப் பள்ளி மாணவரை அவர் தாய்மொழியில் அடைந்தது ஓர் அரிய சாதனை. ஆனால் அம்மாணவர் கல்லூரிக்குச் சென்றதும் அந்த இழை அறுந்துவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் மட்டுமே அதில் இடம்பெற்றன, கணினிக்கு இடமில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு ஊரைவிட்டுப் போக முடியாத மாணவருக்குப் பெரும் வாயிலைத் திறந்தது. அதன் பாடமொழியும் ஆங்கிலமே. ஆங்கிலம் கற்க வேண்டியது உண்மை, இத்துறையின் ஆய்வுகள் அதில்தான் உள்ளன. ஆயினும் கருத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் மொழியோடு போராடிக்கொண்டிருந்தால், பாடம் மதிப்பெண்ணாகச் சுருங்குமேயன்றி ஊருக்குத் திரும்பிச் சொல்லும் அறிவாக மாறாது.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளைத் தன்கீழ்க் கொண்டுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழுக்கும் தமிழிசைக்கும் செய்த பணியால் பெயர் பெற்றது. பள்ளிப் பாடநூல் வகுத்த தமிழ்க் கலைச்சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு, இளநிலைக் கணினி அறிவியலின் முதலாண்டுக்கு ஒரு முழுமையான பாதுகாப்புப் பாடநூலைத் தமிழில் அப்பல்கலைக்கழகம் எழுதித் தருமாயின், வடக்கனந்தலிலிருந்தும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்தும் வரும் மாணவர் தாம் பதினொன்றாம் வகுப்பில் விட்ட பக்கத்திலிருந்தே மேலே படிக்கலாம். அதற்கு வேண்டிய சொற்கள் ஆயத்தமாக உள்ளன, கற்பிக்கத் தக்க ஆசிரியர்களும் உள்ளனர். அந்நூலை எழுதும் பணியை இக்கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.